ஓடைக்கரையில் குனிந்த பட்டன்: ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் இரண்டு ராத்திரி

அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கோயில் கொடை (திருவிழா) ஒன்றுக்கு இரண்டு ராத்திரி பேசி அமர்த்திய குழு இது. கொடை ராத்திரி முத்துப்பட்டன் கதை, மறுநாள் ராத்திரி கட்டபொம்மன் கதை. முதல் ராத்திரிக்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் போடலாம். இரண்டாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே பாதிப் பேர் பாயைச் சுருட்டிவிட்டார்கள். குரல் அதே குரல், வில் அதே வில், குடமும் மாறவில்லை. முதல் கதையில் நாயகன் எந்த இடத்தில் தவறினான் என்பது முதன்மைப் பாடகரான அண்ணாவிக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் கதையில் நாயகன் தவறவே இல்லை என்று சாதித்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதால் குழுவின் பெயரை இங்கே போடவில்லை. கொடைக்கு வில்லு தேடுகிறவர்களுக்குப் பெயரைவிட, எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் உதவும்.

முதலில் சாமான். ஏழு பேர் குழு. நடுவில் அண்ணாவி, கையில் வில்நாணை அடிக்கிற இரண்டு வீசுகோல். பக்கத்தில் குடம், உடுக்கு, தாளம், கட்டை. பின்பாட்டுக்கு ஆள் தனி. போதாக்குறைக்கு ஒரு கீபோர்டு. வில்லின் வளைவைக் குடத்தின் கழுத்தில் அமர்த்திக் கட்டியிருந்த விதம் சுத்தம். குடத்துக்குக் கீழே வைக்கோல் பிரிமணை இருந்தது. இப்போது சில குழுக்கள் பிரிமணைக்குப் பதில் பழைய டயரை வைக்கிறார்கள். ரப்பர் அதிர்வைக் குடித்துவிடும், குடத்தின் கும்மென்ற ஒலி செத்துப்போகும். இங்கே அந்தக் கோளாறு இல்லை. குடக்காரர் கமுகம்பாளையில் செய்த பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயில் அடித்து, மறுகையில் இருந்த காசால் பக்கத்தில் தட்டினார். அடியும் தட்டும் தனித்தனியாகக் கேட்டன. வில்மணிகளில் இரண்டு நாக்கில்லாமல் தொங்கின. சின்னக் குறை; தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுவளத்துக்கும் கல்யாணத்துக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். நாயகன் சாகிற இடத்தில் அதை அணைத்து வைக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்தக் குழு அணைத்தது. நன்றி.

கோயில் வில்லுக்கு ஒரு வரிசை உண்டு: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதை, கடைசியில் வாழி. குழு எதையும் தாண்டவில்லை. காப்பு முதல் அவையடக்கம் வரை இருபத்தைந்து நிமிஷம், நாட்டுவளம் பதினைந்து நிமிஷம். பொதிகை, பொருநை, பாபநாசம், காரையாறு என்று ஊர்ப்பெயராகவே அடுக்கி, கூட்டத்தை உட்கார வைத்துவிட்டார்கள். பந்தலுக்கு வெளியே சுக்குக்காப்பி குடித்துக்கொண்டு நின்றவர்கள்கூட காரையாறு பெயர் வந்ததும் உள்ளே வந்தார்கள். முத்துப்பட்டன் பட்டவராயன் என்ற சாமியாக இருக்கிற சொரிமுத்தையனார் கோயில் அங்கேதான். செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிற இடம். அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் அன்றைய கதை.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்கு: அண்ணன்மாரோடு பிணங்கி வெளியேறிய அந்தணன் முத்துப்பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவரைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். அவர்கள் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டுப் போன பட்டனிடம் பகடை ஒரு நிபந்தனை வைக்கிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு. அவன் செய்கிறான். கல்யாணம் முடிகிறது. முடிந்த ராத்திரியே கிடை மாட்டைக் கள்ளர் ஓட்டிப்போகிறார்கள். பட்டன் போய்ச் சண்டையிட்டு மாட்டை மீட்கிறான். ரத்தம் கழுவ ஓடையில் குனிந்தவனை, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான்.

இந்தக் கதையை எத்தனையோ குழுக்கள் பாடுகின்றன. பெரும்பாலும் ஓடைக்கரைக்கு வந்ததும், ‘விதி வந்து அழைத்ததம்மா’ என்கிற பாணியில் நாலு அடி பாடிக் குத்திவிடுவார்கள். கேட்கிறவனுக்கு வருத்தம் வரும், பதற்றம் வராது. மழை பெய்து சுவர் இடிந்தால் வருகிற வருத்தம் அது. விதி செய்ததில் நாயகனுக்கு என்ன பங்கு?

இங்கே ஒரு கிரேக்கச் சங்கதியை இழுத்தாக வேண்டும். அவல நாடகத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் கி.மு. நாலாம் நூற்றாண்டில் எழுதியபோது, நாயகன் முழு நல்லவனாகவும் இருக்கக்கூடாது, முழுக் கெட்டவனாகவும் இருக்கக்கூடாது, ஒரு ‘ஹமார்த்தியா’வால் விழ வேண்டும் என்றார். முழு நல்லவன் விழுந்தால் கேட்கிறவனுக்கு அருவருப்பு, கெட்டவன் விழுந்தால் திருப்தி. இரண்டிலும் இரக்கமும் அச்சமும் வராது என்பது அவர் கணக்கு. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இந்தச் சொல்லை ‘நாயகனின் குணக்கேடு’ என்று பரீட்சைக்கு உருப்போட்டிருப்பார்கள். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, மேக்பெத்துக்குப் பேராசை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம் என்று மருந்துக் குப்பியில் சீட்டு ஒட்டுகிற மாதிரி. ஆனால் அந்தச் சொல்லின் வேர் வேறு. எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் விலகிப்போவதற்குக் கிரேக்கர் வைத்திருந்த சொல் அது. குறி தப்புதல். வில்லை நடுவில் வைத்துக் கதை சொல்கிற ஊர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது.

குறி தப்புகிறவன் கை நடுங்கியவனாக இருக்க வேண்டியதில்லை. இதுவரை அவனை ஜெயிக்க வைத்த அதே கைதான் அன்றைக்குத் தப்பவும் வைக்கும். போர்க்களத்தில் சட்டென்று முடிவெடுத்துப் பேர் வாங்கிய தளபதி ஒத்தெல்லோ. வீட்டுக்குள்ளும், ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அப்படியே சட்டென்று முடிவெடுக்கிறான். புதிரை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியவன் கிரேக்க நாடகத்து ஈடிபஸ். ‘போதும், தோண்டாதே’ என்று மனைவியே கெஞ்சியும் விடாமல் தோண்டித் தன் பிறப்பு என்ற புதிரையும் அவிழ்த்துவிடுகிறான். ஆக, குறை தேட நாயகனின் கெட்ட பக்கத்துக்குப் போக வேண்டாம். அவனுடைய ஆகச் சிறந்த குணத்தின் மறுமுனையில் அது இருக்கும்.

இந்தக் குழுவின் அண்ணாவி அரிஸ்டாட்டிலைப் படித்தாரா என்பது நமக்கு வேண்டாத கேள்வி. அவர் பாடிய விதத்தில் இந்த ஞானம் முழுக்க இருந்தது. எப்படி என்று சொல்கிறேன். இந்த மதிப்பீட்டின் கரு இதுதான்.

பூணூல் அறுக்கிற இடத்தை அவர் அழுகையாகப் பாடவில்லை. பகடை நிபந்தனை சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் பட்டன் கை நூலில் இருந்தது. துரித நடையில் மேலேறி ஒரே மூச்சில் முடிகிற ஒரு மெட்டு, எட்டு அடிதான். பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போடவும் இடைவெளி இல்லை. கூட்டம் கைதட்டியது. நினைத்ததை நினைத்த நொடியில் செய்து முடிக்கிறவன் இவன் என்று எல்லாருக்கும் பதிந்துவிட்டது, எல்லாருக்கும் அவனைப் பிடித்தும்விட்டது. செருப்புத் தைக்கிற இடத்தில் அதே மெட்டின் முதல் இரண்டு அடி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தது.

பிறகு ஒரு மணி நேரம் அந்த மெட்டு வரவேயில்லை. கல்யாணம், சாப்பாட்டுப் பந்தி, மாமனார் கேலி எல்லாம் வேறு வேறு மெட்டு. நடுராத்திரி நெருங்கும்போது கிடையிலிருந்து ஆள் ஓடி வருகிறான். மாடு போச்சு. பகடை, ‘விடியட்டும், ஆளைத் திரட்டிக்கொண்டு போவோம்’ என்கிறார். அண்ணாவி ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் எடுத்தார் பாருங்கள், அதே மெட்டு, அதே துரித நடை, அதே எட்டு அடி! பட்டன் எழுந்து கம்பை எடுத்துவிட்டான். முன்வரிசையில் இருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வாய்விட்டே சொன்னார்கள்: “எய்யா, தனியா போவாதய்யா.”

இதுதான் வேலை. குறை இன்னதென்று அண்ணாவி ஒரு வார்த்தை வசனத்தில் சொல்லவில்லை. ‘அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று பழமொழி விடவில்லை. நம்மைக் கைதட்ட வைத்த குணமே அவனைக் கொண்டுபோகிறது என்பதைக் காதே கண்டுபிடித்துக்கொண்டது. அறுத்த பூணூலுக்குக் கைதட்டியவர்கள் இப்போது போகாதே என்கிறார்கள். போகாமல் நின்றால் அவன் பட்டன் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரக்கமும் அச்சமும் சேர்ந்து வருவது இந்த முடிச்சில்தான்.

சண்டையைச் சுருக்கமாக முடித்தது நல்ல முடிவு. பல குழுக்கள் இங்கே அரைமணி நேரம் கம்பு சுற்றுவார்கள். சண்டை நீண்டால் கேட்கிறவன் களைத்துப்போய், ஓடைக்கரைக்கு வரும்போது பதற்றம் தீர்ந்துபோயிருக்கும். இங்கே எட்டு நிமிஷம். மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்புகிறான். தண்ணீரைக் கண்டதும் கழுவக் குனிகிறான். விழுந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. அண்ணாவி வீசுகோலைக் கீழே வைத்து, உள்ளங்கையால் வில்நாணை அணைத்துப் பிடித்தார். மணி அடங்கியது. உடுக்கும் நின்றது. குடம் மட்டும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் மூச்சு விடுகிற இடைவெளியில் மூன்று அடி. மூன்றாவது அடியில் குத்து. குத்தியவனுக்குப் பெயரில்லை, வசனமில்லை, சிரிப்பில்லை. அதுவும் சரி. வில்லனைப் பெரிதாக்கினால் சாவு அவன் கணக்கில் ஏறிவிடும், நாயகன் கணக்கு காலியாகிவிடும்.

கோயில் கொடை என்பதால் இதற்கு ஒரு கடிகாரக் கணக்கும் உண்டு. சாமக்கொடை எனும் நடுராத்திரிப் பூசையின் தீபாராதனை பன்னிரண்டரைக்கு. பட்டன் ஓடையில் குனிந்தது பன்னிரண்டேகாலுக்கு. சாவுப் பாட்டு முடியவும் சாமியாடி இறங்கவும் சரியாக இருந்தது. அண்ணாவி உடனே சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டுக்கு மாறி, குடமும் உடுக்கும் மட்டும் வைத்து இருபது நிமிஷம் தாங்கினார். இது தற்செயல் இல்லை. தீபாராதனை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டால்தான் வரும்: சாவுக்கு முக்கால் மணி முன்னால் மாடு போன செய்தி, அதற்கு ஒரு மணி முன்னால் கல்யாணம், அதற்கு முன்னால் பூணூல். கணக்குத் தப்பிய குழுக்கள் இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளும். நாயகன் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே சாமி இறங்கிவிடும்; அல்லது அவன் செத்து அரைமணி நேரம் ஆன பிறகும் பூசாரி கற்பூரம் தேடிக்கொண்டிருப்பார், அண்ணாவி நகைச்சுவை பேசி ஒப்பேற்றுவார். சாவுக்குப் பிறகு நகைச்சுவை வந்தால் அந்த ராத்திரி அத்தோடு சரி.

பிற்பகுதி கொஞ்சம் தொய்வு. நாய் ஓடி வந்து பொம்மக்காவின் சேலையைப் பிடித்து இழுப்பது நன்றாக இருந்தது. குடக்காரர் பத்தியைத் தேய்த்து நாயின் மூச்சிரைப்பைக் கொண்டுவந்தார். அதன்பின் பெண்கள் தீப்பாய்கிற பகுதியை நாற்பது நிமிஷம் இழுத்தார்கள். புகழ்மொழி மேல் புகழ்மொழி. அழுகிற பெண்ணின் குரல் நடுவில் காணாமல் போய், பத்தினிப் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து நிமிஷம் போதும்.

பெரிய குறை ஒன்றும் இந்த முதல் ராத்திரியில் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து பகடையிடம் வளர்ந்தவர்கள் என்று ஒரு சேர்க்கை இந்தக் கதையில் பின்னாளில் ஏறியிருக்கிறது. நாங்குநேரிக்காரரான ஆய்வாளர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோதே இது ஒட்டுப்போட்டது என்று காட்டிவிட்டார். அண்ணாவி அதைக் கதையாகப் பாடவில்லைதான். ஆனால் வாழிக்குக் கொஞ்சம் முன்னால் நாலு வரியில் சொருகிவிட்டார். கோயிலுக்கு வரி கொடுக்கிற யாரோ ஒரு வரிக்காரரைச் சமாதானப்படுத்த என்று தோன்றியது. இதில் சமூக நியாயத்தின் கோளாறு ஒருபுறம் இருக்கட்டும், கதைக்கட்டே உடைகிறது. பெண்கள் அந்தணப் பெண்கள் என்றால் பட்டன் எதை விட்டுக்கொடுத்தான்? பூணூல் அறுத்ததற்கு விலையே இல்லாமல் போகிறதே! எட்டு அடி மெட்டில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்றியதை நாலு வரியில் தானே இறக்கிவிட்டார். அச்சாரம் கொடுக்கும்போதே ‘அந்தச் சேர்க்கை வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

இனி இரண்டாம் ராத்திரி. அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்தால்தான் அடுத்த முறை கேட்டு வாங்க முடியும்.

கட்டபொம்மன் கதை முத்துப்பட்டனைவிட இந்த வகையில் பணக்காரக் கதை. கதைப்பாடலில் அவனுடைய வீழ்ச்சி ஜாக்சன் துரையிடமும் தொடங்கவில்லை, எட்டயபுரத்திலும் தொடங்கவில்லை. சொந்தக் கோட்டைக்குள் தொடங்குகிறது. அவனுடைய அமைச்சரான தானாபதிப் பிள்ளை ஆள் அனுப்பிக் கும்பினியின் நெல்லை எடுத்துவரச் செய்கிறார். பிள்ளையை ஒப்படை என்று கேட்கிறது கும்பினி. செய்தது சரியில்லை என்று கட்டபொம்மனுக்குத் தெரியும். ஆனாலும் தன்னை நம்பியவனைக் கையளிக்க மாட்டேன் என்கிறான். ஊரே கொண்டாடுகிற குணம் இது, அடைக்கலம் காப்பது. அந்தக் குணத்தின் மறுமுனையில் 1799 செப்டம்பரில் கும்பினித் தளபதி பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் வந்து நிற்கிறது. கோட்டையை விட்டுத் தப்பியவன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கும்பினியிடம் ஒப்படைக்கப்படுகிறான். அக்டோபர் 16, கயத்தாறு, தூக்கு.

கவனியுங்கள். ஒருவனைக் கையளிக்க மறுத்தவன், கடைசியில் இன்னொருவனால் கையளிக்கப்படுகிறான். நாடகம் எழுதுகிறவன் தவம் கிடந்து தேடுகிற திருப்பம் இது. சரித்திரமே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறது. தானாபதிப் பிள்ளை காட்சிக்கு ஒரு மெட்டுப் போட்டு, புதுக்கோட்டைக் காட்சியில் அதே மெட்டை ஆள் மாற்றிப் பாடியிருந்தால் போதும். முதல் ராத்திரி வித்தையை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டிய இடம். செய்யவில்லை.

என்ன செய்தார்கள்? நெல் விவகாரம் மூன்று நிமிஷம், அதுவும் வசனத்தில். ஜாக்சன் சந்திப்பு முக்கால் மணி நேரம், 1959இல் வந்த படத்தின் தோரணையை அப்படியே ஏந்திக்கொண்டு. தியேட்டரில் நூறு தடவை கேட்டதை வில்லில் நூற்றியோராவது தடவை கேட்க யாருக்கும் அலுப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். விசில் பறந்தது உண்மை. ஆனால் அந்த விசிலோடு கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரமும் எட்டப்பன் மேல் வசை. எல்லாம் ஒருவன் காட்டிக்கொடுத்ததால் என்று ஆன பிறகு நாயகனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நல்லவனாக நின்று தூக்கில் தொங்க வேண்டியதுதான். அரிஸ்டாட்டில் வேண்டாமென்று சொன்ன முழு நல்லவன் வீழ்ச்சி. கேட்டவர்களுக்கு எரிச்சல் வந்தது, எட்டப்பன் மேல். இரக்கம் வரவில்லை. பாய் சுருட்டியது அப்போதுதான்.

தூக்குக்குப் பிறகும் குழு விடவில்லை. அவன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதையும் கோட்டையைத் திரும்பக் கட்டியதையும் குதூகலமாகப் பாடினார்கள். பாளையங்கோட்டை பெயர் வந்ததும் கைதட்டல். அது தனி ராத்திரிக்கான கதை, அருமையான கதை. கயத்தாற்றுப் புளியமரத்தடியில் கூட்டத்தை நிறுத்திவைத்த கையோடு அதைப் பாடினால், புண்ணில் மருந்து போடுகிற அவசரம் மாதிரி இருக்கிறது. புண் கொஞ்சம் எரியட்டுமே.

மைக்செட் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதல் ராத்திரியின் அந்த மூன்று குட அடி கடைசி வரிசைக்குக் கேட்டதற்கு மைக்செட்காரருக்கும் பங்கு உண்டு. குழாய் ஒலிபெருக்கி அடிஒலியைத் தின்றுவிடும். குடம் அதில் டப்பா சத்தமாகத்தான் வரும். பந்தலுக்குள் இரண்டு பாக்ஸ் வைத்து, குடத்துக்கென்று ஒரு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நேர் வாய்க்கு வைத்தால் காற்று அடித்து உறுமும். வில்லுக்குத் தனி மைக் தேவையில்லை, அண்ணாவி மைக்கிலேயே மணி ஏறிவிடும். உடுக்குக்கு மைக் கொடுத்தால் மற்றதெல்லாம் முங்கிவிடும். இரண்டாம் ராத்திரி எக்கோவை ஏற்றிவிட்டார்கள், சினிமா வசனத்துக்காக. எக்கோ இருந்தால் நிசப்தம் கிடைக்காது. நிசப்தம் இல்லாமல் ஓடைக்கரையும் இல்லை, புளியமரமும் இல்லை.

குழுவைப் பேசப் போகிறவர்கள் தொகை, வண்டிக்கூலி, மைக்செட் யார் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கேட்பார்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணாச்சி, உங்க பாட்டுல பட்டன் எந்த இடத்துல தப்புப் பண்ணுதான்?” ‘அவன் சாமில்லா, அவன் எப்படித் தப்புப் பண்ணுவான்’ என்றால் பக்தி உண்டு, கதை இருக்காது. ‘எல்லாம் விதி’ என்றால் மேலே சொன்ன சுவர் இடிகிற வருத்தம்தான். ‘பொம்பள மேல ஆசப்பட்டதுதான் தப்பு’ என்று சொல்கிறவரும் உண்டு. அவரிடம் வெற்றிலை பாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், ஏனென்றால் அவர் கதையைப் பட்டனின் அண்ணன்மார் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார். ‘எண்ணாமக் குனிஞ்சிட்டான்’ என்றோ ‘விடியட்டும்னு மாமனார் சொன்னதக் கேக்கல’ என்றோ ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். கொடைக் கதை நம் விருப்பத்துக்கு எடுப்பதில்லை, பீடத்தில் இருக்கிற சாமியின் கதையைத்தான் பாட வேண்டும். சுடலைமாடன் கோயிலில் போய் வீழ்ச்சிக் கதை கேட்க முடியாது. மாடன் கதை சாமி பிறந்து வந்த கதை, வெட்டுப்பட்டுச் சாமியானவர்களின் கதை இல்லை. அங்கே வீரம், கோபம், வேட்டை எல்லாம் உண்டு, குறி தப்புதல் இல்லை. அதற்குக் கணியான் கூத்தின் மகுடம் என்ற தோல்பறைதான் பொருத்தம். மறுநாள் பொழுதுபோக்கு ராத்திரிக்கு மட்டும்தான் தேர்ந்தெடுக்கிற உரிமை. அந்த ராத்திரிக்கு இந்தக் குழுவிடம் கோவலன் கதையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கோவலனுக்காக இல்லை, பாண்டியனுக்காக. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் ஒரு வாய்ச்சொல்லில் கொலைக்கு உத்தரவிடுகிறான். சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்ததும் ‘யானே கள்வன்’ என்று அடுத்த வாய்ச்சொல்லில் தனக்கே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறான். தப்பும் அதை உணர்வதும் அதே வேகம். துரித நடையில் எட்டு அடி பாடத் தெரிந்த இந்த அண்ணாவிக்கு அளவெடுத்துத் தைத்த கதை.

பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் செவ்வாயும் வெள்ளியும் இவர்களைப் பிடிக்க முடியாது. இரண்டு மாதம் முன்னால் போய்விடுங்கள். முத்துப்பட்டனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அச்சாரம் கொடுக்கலாம், கடைசி நாலு வரியை எடுக்கச் சொல்லிவிட்டு. கட்டபொம்மன் என்றால், தானாபதிப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். அரைமணிக்குக் குறைவாகச் சொன்னால் வெற்றிலையை நீட்ட வேண்டாம்.